நடுங்கவிட்டுப் போனவர்களுக்கு

"விடுதலை கெடச்சிருச்சா தாயி?"

பயிற்சி முடிந்த மூன்றாம் நாள் சாயங்காலம் எங்கள் வீட்டு வாசப்படியில் வந்து உட்கார்ந்து ஒரு பெரியம்மா என்னைக் கேட்டார். கேலி இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இரண்டு தொடையும் கட்டிப்போய், சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்திருந்தார். அந்தச் சொல்லை அவர் காதில் போட்டவள் நான். எம்.ஏ. தமிழ் படித்தவள், இயக்கத்துக்காரி, மேடையில் பேசுகிறவள். எனக்குப் பதில் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் காலனி அய்யலூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேர் சொல்லப்போவதில்லை, வழக்கு இன்னும் நடக்கிறது. சில வருசங்களுக்கு முன்னால் ஒரு திருவிழா ராத்திரியில் சாதி இந்துக்கள் காலனிக்குள் புகுந்து அடித்தார்கள். ஓடு நொறுங்கியது, வண்டி எரிந்தது. ஆம்பிளைகள் காட்டுப் பக்கம் ஓடினார்கள். பெண்களும் பிள்ளைகளும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடந்தோம். விடிந்த பிறகு அதிகாரிகள் வந்து சேதப் பட்டியல் போட்டார்கள். ஓட்டுக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு. அன்றைக்கு ராத்திரியிலிருந்து தூக்கம் போன பொம்பளைகளை எந்தப் பட்டியலிலும் எவரும் எழுதவில்லை. கதவைத் தட்டினால் பதறுகிறவர்கள், டிராக்டர் சத்தம் கேட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுகிறவர்கள், அடிவயிற்று வலியென்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து 'ஒண்ணுமில்ல' என்று திரும்பி வருகிறவர்கள். இவர்கள் கணக்கில் வராத சேதாரம்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு தொண்டு நிறுவனம் வந்தது. அதன் பேரும் வேண்டாம். பேரைச் சொன்னால் அது ஒன்றுதான் கெட்டது, மற்றதெல்லாம் சுத்தம் என்றாகிவிடும். உடம்பில் தங்கிய பயத்தை உடம்பின் வழியாகவே வெளியேற்றும் பயிற்சி என்றார்கள். அய்யலூரில் ஒரு சின்ன மண்டபம். ஒரு சனி, ஒரு ஞாயிறு. பயிற்சியாளர் வெளியூர்க்காரர், ஆங்கிலத்தில் பேசினார். மொழிபெயர்த்தவள் நான். காலனியிலிருந்து ஏழு பெண்களைக் கூட்டிக்கொண்டு போனவளும் நான்தான்.

முதலில் நிற்கவைத்துக் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொன்னார்கள். பிறகு சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி நிறுத்தினார்கள். தொடை களைத்துப்போனதும் மல்லாக்கப் படுத்து, இரண்டு உள்ளங்காலையும் ஒன்றோடொன்று சேர்த்து, முட்டியை விரித்து, மெல்ல மெல்ல மேலே கொண்டுவரச் சொன்னார்கள். தொடை தானாக நடுங்க ஆரம்பித்தது. நாம் ஆட்டவில்லை, யாரும் ஆட்டவில்லை. நடுக்கம் இடுப்புக்கு ஏறியது, முதுகுக்கு ஏறியது. இது டேவிட் பெர்செலி என்ற அமெரிக்கர் வகுத்த முறை. லெபனானிலும் ஆப்பிரிக்க நாடுகளிலும் யுத்தங்களுக்கு நடுவில் வேலை பார்த்தவர் அவர். குண்டு விழும்போது எல்லா மனிதரும் வயிற்றை மடக்கிச் சுருண்டுகொள்வதையும், பிள்ளைகள் நடுங்குவதையும், பெரியவர்கள் அந்த நடுக்கத்தை அடக்கிக்கொள்வதையும் கண்டவர். அடக்கிவைத்த நடுக்கத்தை அவிழ்த்துவிட்டால் உடம்பு இளகும் என்பது அவருடைய கணக்கு.

பயிற்சியாளர் 'ரிலீஸ்' என்றார். நான் 'விடுதலை' என்றேன். 'தளர்வு' என்றிருக்கலாம். 'எளக்கம்' என்று எங்கள் அம்மா சொல்கிற மாதிரியே சொல்லியிருக்கலாம். என் நாக்கில் இருந்தது மேடைச் சொல். எங்கள் சனம் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றி வைத்திருக்கிற சொல்லைத் தூக்கி, இரண்டு நாள் பயிற்சியின் தொடை நடுக்கத்துக்குக் கொடுத்துவிட்டேன்.

அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினோம். இதை மறைத்தால் நான் பொய்க்காரி. "நெஞ்சு மேல கெடந்த ஒரலை எறக்கி வச்ச மாதிரி இருக்கு" என்றார் ஒருத்தர். உடம்புக்கு ஞாபகம் உண்டு என்பது எனக்குச் சந்தேகமில்லாத விசயம். அதைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு எந்தப் புத்தகமும் வேண்டாம். ஊர்த் தெருவைக் கடக்கும்போது தானாகக் குனிகிற எங்கள் தாத்தாவின் முதுகு போதும்.

ஆனால் அதற்கு மறுநாள்? அதற்கும் மறுநாள்?

என் உடம்பைச் சொல்கிறேன். மூன்று நாள் அடித்துப்போட்ட மாதிரி கிடந்தேன். நாள் முழுக்கக் கடலைக்கொடி பிடுங்கின மாதிரி இடுப்பும் தொடையும் வலித்தன. சோறு இறங்கவில்லை. அரிசி களைந்துகொண்டிருக்கும்போது கண்ணீர் தானாகக் கொட்டியது. எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது. பிள்ளை டம்ளரைக் கீழே போட்டதற்கு அடித்துவிட்டேன். அதுவரை நான் அவனை அடித்ததில்லை. ராத்திரியில் மண்ணெண்ணெய் வாடை வந்தது. எங்கள் வீட்டில் மண்ணெண்ணெயே கிடையாது. வண்டி எரிந்த ராத்திரியின் வாடை அது.

என் மதினி மில்லில் வேலை பார்க்கிறவர். ரிங் பிரேமில் அறுந்த நூலை ஒட்டுகிற வேலை. கை நடுங்கினால் நூல் நிற்காது. பயிற்சி முடிந்து திங்கட்கிழமை காலை ஷிப்டுக்குப் போனார். பின்னாலிருந்து சூப்பர்வைசர் கத்தியதும் உடம்பு மொத்தமும் உதறி, மிஷினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். 'பேய் புடிச்சிருக்கு, கூட்டிட்டுப் போங்க' என்று அனுப்பிவிட்டார்கள். நாலு நாள் சம்பளம் போயிற்று. ராத்திரி படுத்தால் கால் தானாக நடுங்கியது. பயிற்சியாளர் கொடுத்துவிட்டுப் போன நம்பருக்கு நான் எத்தனையோ தடவை அடித்தேன். எடுக்கவில்லை.

வியாழக்கிழமை அய்யலூர்ச் சந்தை. இந்தப் பக்கத்தில் அதைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆடும் கோழியும் விடியுமுன்னே வந்து இறங்கும். வீட்டில் நின்ற ஒரு வெள்ளாட்டை மதினி விற்கப் பிடித்துக்கொண்டு போனார். கூட நானும் போனேன். வண்டியிலிருந்து இறக்கிய ஆடுகள் காலைப் பரப்பிக்கொண்டு நடுங்கி நின்றன. அதையே பார்த்துக்கொண்டிருந்த மதினி சொன்னார்:

"நம்மளும் இப்பிடித்தான நடுங்குனோம். அடுத்து என்ன நடக்கும்னு இதுகளுக்கும் தெரியாது. நமக்கும் யாரும் சொல்லல."

சொல்லவில்லை என்பதுகூட முழு உண்மை இல்லை. சொல்லியிருந்தார்கள், ஆங்கிலத்தில். முதல் நாள் எல்லோரிடமும் இரண்டு பக்கத் தாள் ஒன்றைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். கைநாட்டும் வாங்கினார்கள். நான் அதை உட்கார்ந்து படித்தது சந்தையிலிருந்து திரும்பிய பிறகுதான். எல்லாம் அதில் இருந்தது. தசைவலி வரலாம், அசதி வரலாம், பழைய நினைப்பு கிளம்பலாம், அழுகையோ கோபமோ வரலாம், தூக்கம் மாறலாம். ஆரம்பத்தில் 15 நிமிசத்துக்கு மேல் வேண்டாம். கர்ப்பிணிகள், வலிப்பு உள்ளவர்கள், சமீபத்தில் ஆபரேசன் செய்தவர்கள், மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும். நடுக்கம் அதிகமானால் காலை நீட்டினால் நின்றுவிடும். எங்களை முக்கால் மணி நேரம் நடுங்கவிட்டார்கள். யாருக்கு வலிப்பு, யார் முழுகாமல் இருக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. காலை நீட்டினால் நிற்கும் என்ற அந்த ஒரு வரி தெரியாமல் என் மதினி நாலு ராத்திரி விழித்துக் கிடந்தார்.

கோயிலில் கிடா வெட்டும்போது அதன் மேல் தண்ணீர் தெளிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கிடா உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்தாயிற்று என்று அர்த்தம். அது குளிரில் சிலுப்பியதா, பயத்தில் சிலுப்பியதா என்று யாரும் கேட்பதில்லை. நடுக்கத்துக்கு அர்த்தம் சொல்கிற அதிகாரம் அரிவாள் வைத்திருப்பவன் கையில் இருக்கிறது. மண்டபத்தில் நாங்கள் நடுங்கியபோது 'நல்லா ரிலீஸ் ஆகுது' என்று கை தட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். எங்கள் நடுக்கம் அவர்களுக்கு அறிக்கை. எங்களுக்கு அது என்ன என்பதை மூன்றாம் நாள் வந்து பார்த்திருந்தால்தானே தெரியும்?

*

இந்த முறைகளுக்கெல்லாம் அடியில் ஒரு கதை இருக்கிறது. காட்டில் மானைப் புலி துரத்துகிறது. தப்பித்த மான் ஒதுங்கி நின்று உடம்பெல்லாம் நடுங்கி உதறுகிறது. உதறி முடித்ததும் பழையபடி மேயப் போகிறது. மனிதன்தான் உதறாமல் உள்ளே அடைத்து வைத்துக்கொண்டு நோயாளியாகிறான். பீட்டர் லெவின் என்ற இன்னொரு அமெரிக்கர் இதை வைத்தே ஒரு சிகிச்சை முறையைக் கட்டினார். 1997இல் வந்த அவருடைய புத்தகத்தின் தலைப்பிலேயே புலி இருக்கிறது. துளித்துளியாகத்தான் அவிழ்க்க வேண்டும், ஒரேயடியாகத் திறந்துவிடக் கூடாது என்று அவரே வற்புறுத்தியிருக்கிறார். அது இங்கே வந்து சேரவில்லை. இரண்டு நாள் பட்ஜெட்டுக்குத் துளித்துளி கட்டுப்படியாகாது.

நான் கேட்பது அதைவிட அடிப்படையான கேள்வி. மான் எப்போது நடுங்குகிறது? புலி போன பிறகு.

எங்கள் புலி எங்கே போயிருக்கிறது? பஸ் ஸ்டாப்பில் நிற்கிறது. டீக்கடையில் பேப்பர் படிக்கிறது. ரேசன் கடை வரிசையில் எங்களுக்கு முன்னால் நிற்கிறது. வழக்கை வாபஸ் வாங்கச் சொல்லி ஆள் அனுப்புகிறது. மில்லுக்குள் போனால் வேறொரு சட்டையில் நமக்குப் பின்னால் நின்று கத்துகிறது. 'நடந்து முடிந்த அதிர்ச்சியின் பின்விளைவு' என்கிறீர்கள். முடிந்தது என்று யார் சொன்னது? பதறுகிற உடம்பு நோயுற்ற உடம்பு என்று பாடம் எடுத்தீர்கள். எங்கள் தெருவில் பதறுகிற உடம்பு காவல் காக்கிற உடம்பு. டிராக்டர் சத்தத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவளை இளக்கிவிட்டுப் போய்விட்டீர்கள். அன்றைக்கு ராத்திரி டிராக்டர் வந்திருந்தால்?

2022 அக்டோபரில் தமிழ்நாடு அரசு கடவூர் தேவாங்கு சரணாலயத்தை அறிவித்தது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர். தேவாங்கு எங்கள் அய்யலூர்க் காட்டுப் பிராணி. ராத்திரியில் உலவும், லேசில் பயப்படும். அதன் பயத்தைப் போக்க யாரும் அதைப் படுக்கவைத்துப் பயிற்சி கொடுக்கவில்லை. அதன் காட்டைக் காபந்து பண்ணினார்கள். நல்ல காரியம். தேவாங்குக்குப் புரிந்த இந்த நியாயம் எங்கள் விசயத்தில் மட்டும் எப்படித் தலைகீழாகிறது? எங்களுக்கு மட்டும் ஏன் காட்டை விட்டுவிட்டு உடம்பைச் சரிபண்ண வருகிறீர்கள்?

புலியை அப்புறப்படுத்துவது எப்படி இருக்கும் என்பதற்கு எங்கள் மாவட்டத்திலேயே சாட்சி உண்டு. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்து ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த தலித் பெண் ஜெயஸ்ரீ கதிரவேல் கொல்லப்பட்டார். ஆலையின் மேற்பார்வையாளர் கைதானார். தலித் பெண்கள் முன்னின்று நடத்துகிற தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் ஆலை நிர்வாகமும் எச் அண்ட் எம் கம்பெனியும் கையெழுத்துப் போட்ட திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. வேலைத்தளத்திலேயே பெண் தொழிலாளிகளைக் கண்காணிப்பாளர்களாக்கிப் பயிற்சி கொடுத்தார்கள். கத்துகிற, கை வைக்கிற மேலதிகாரி மீது அவர்கள் புகார் கொடுக்க வழி பிறந்தது. இதுவும் உடம்புச் சிகிச்சைதான் என்கிறேன். பின்னால் நின்று கத்துகிறவன் வாயைச் சட்டம் கட்டினால், ரிங் பிரேமில் நிற்கிறவள் முதுகு தானாக நிமிரும்.

*

'எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு, தூக்கி எறி' என்று சொல்லவும் நான் தயாரில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கடலோரத்தில் இதே வகை உடல்வழிச் சிகிச்சையை ராஜா செல்வம் முதலானவர்கள் செய்தார்கள். 150 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2008இல் வெளிவந்தது. எட்டு மாதம் கழித்தும் பெரும்பாலோருக்குக் குணம் தெரிந்தது என்றார்கள். சிகிச்சை பெறாத இன்னொரு குழுவை வைத்து ஒப்பிடாத ஆய்வு அது, ஆகவே முழு நிரூபணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் எட்டு மாதம் கழித்துப் போய்ப் பார்த்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். எங்களை எட்டு நாள் கழித்துக்கூட ஒருவரும் பார்க்கவில்லை.

அதே சுனாமியில் நாகப்பட்டினத்தில் நிவாரண முகாம்களிலேயே தலித்துகள் ஒதுக்கப்பட்டதை அப்போதே பலர் பதிவு செய்தார்கள். தண்ணீருக்கும் சோற்றுக்கும் தனி வரிசை. சொந்தப் படகு இல்லாத கூலிக்காரன் இழந்ததெல்லாம் இழப்பே இல்லை என்ற கணக்கு. அலை எல்லோரையும் ஒன்றாக அடித்தது, அலை போன பிறகு சாதி தனியாக அடித்தது. முதல் அடிக்குச் சிகிச்சை உண்டு. இரண்டாவது அடிக்கு?

இன்னொரு பக்கமிருந்தும் ஒரு குரல் வரும். 'நம்மகிட்ட இல்லாததா? ஒப்பாரி இருக்கு, சாமியாட்டம் இருக்கு, கொட்டு இருக்கு.' இருக்கிறது. மாரில் அடித்துக்கொண்டு அழுகிறவள் துக்கத்தை உடம்பால்தான் வெளியே தள்ளுகிறாள். ஆனால் அங்கே ஒரு ஒழுங்கு உண்டு. சாமி இறங்கி ஆடியவரைக் கீழே விழாமல் பிடிக்க ரெண்டு பேர் நிற்பார்கள். மலையேறியதும் தண்ணீர் கொடுப்பார்கள், கை காலைப் பிடித்துவிடுவார்கள், வீடு வரைக்கும் கொண்டுபோய் விடுவார்கள். எழவு வீட்டில் அழுது ஓய்ந்தவளுக்கு அக்கம்பக்கத்திலிருந்து கஞ்சி வரும், கருமாதி வரைக்கும் ஆள் வந்துபோகும். நடுங்கியவளைத் தனியாக விட்டுவிட்டு பஸ் ஏறுகிற வழக்கம் எங்கள் காலனியில் கிடையாது.

அதற்காக அதைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் மாட்டேன். எங்கள் ஆட்கள் கொட்டு அடிக்காமல் ஊர்க்காரர்களுக்குச் சாமி இறங்காது. அவர்கள் நடுங்குவதற்குத் தாளம் போட்டது எங்கள் தோல். அந்தக் கோயில் வாசலைத் தாண்ட எங்களுக்கு உரிமை இல்லை. பேயோட்டுகிறேன் என்று பொம்பளையைச் சாட்டையால் அடிப்பதும் நம்மிடம்தான் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் வெந்து செத்தார்கள். பழையது என்பதால் மட்டும் ஒன்று நம்முடையதாகிவிடாது.

*

இனி, தோழர்களே, நம்மைப் பற்றி. தொண்டு நிறுவனத்தைத் திட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போக என்னால் முடியவில்லை.

எங்கள் காலனி எரிந்த வாரத்தில் உண்மை அறியும் குழுக்கள் வந்தன. நோட்டும் பேனாவும் காமிராவுமாக வந்தீர்கள். 'அன்னைக்கு என்னம்மா நடந்துச்சு, மொதல்லருந்து சொல்லுங்க' என்றீர்கள். அதே பெரியம்மா அஞ்சு குழுவுக்கு அஞ்சு தடவை சொன்னார். ஒவ்வொரு தடவையும் சொல்லும்போது கை நடுங்கியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். நல்ல அறிக்கைகள் வந்தன, தேவையான அறிக்கைகள். ஆனால் சொல்லி முடித்த ராத்திரி அவர் தூங்கினாரா என்று யார் கேட்டோம்? ஆண் தோழர்கள் எஃப்.ஐ.ஆர். எண் கேட்பார்கள், தூக்கத்தைக் கேட்க மாட்டார்கள். 'சாட்சியம் எழுதிக்கொடுங்க' என்று எங்கள் பெண்களிடம் கேட்கிற பத்திரிகைகளும், அதை வாங்கி அச்சடிக்கிற நானும் இதில் சேர்த்திதான். நாமும் நடுங்கவிட்டுப் போனவர்கள்தான்.

வாச்சாத்தியை நினைத்துப் பாருங்கள். 1992 ஜூன் 20இல் நடந்த கொடுமை. 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2011 செப்டம்பர் 29இல். சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்து, அந்தப் பெண்களுக்கு ஆளுக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது 2023 செப்டம்பர் 29இல். இடையில் 31 வருசம். போலீசிடம், வக்கீலிடம், கோர்ட்டில், பத்திரிகைக்காரரிடம் என்று எத்தனை முறை அந்த நாளைத் திரும்பத் திரும்ப உடம்பில் ஏற்றியிருப்பார்கள்? நியாயம் கேட்கிற வழியே மறுபடி மறுபடி காயப்படுத்துகிற வழியாக இருக்கிறது. நியாயம் வேண்டாம் என்றா சொல்ல முடியும்? கூட நிற்க ஆள் வேண்டும் என்றுதான் சொல்ல முடியும்.

ஆகவே, எங்கள் தெருவுக்கு நடுக்கம் சொல்லிக்கொடுக்க வருகிறவர்களுக்கும், கதை கேட்க வருகிறவர்களுக்கும் சில நிபந்தனைகள்:

1. பின்விளைவுகளைத் தமிழில், எங்கள் பேச்சில், முதலில் வாய்விட்டுச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு கையெழுத்து கேளுங்கள். 'வேண்டாம்' என்று எழுந்து போகிறவளைக் கோழை என்று பார்க்காதீர்கள்.

2. யார் கர்ப்பிணி, யாருக்கு வலிப்பு, யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். கொஞ்சமாக ஆரம்பியுங்கள். நிறுத்துவது எப்படி என்பதை முதல் பாடமாகச் சொல்லிக்கொடுங்கள்.

3. மறுநாளும், மூன்றாம் நாளும், ஒரு மாதம் கழித்தும் வாருங்கள். முடியாதென்றால் காலனியிலேயே ரெண்டு பெண்களைப் பழக்கிச் சம்பளம் கொடுத்து வையுங்கள்.

4. உடம்பு வலிக்கிற நாட்களுக்குக் கூலி கொடுங்கள். ஓய்வு எடுங்கள் என்று சொல்வது எளிது. எங்களுக்கு ஓய்வு என்றால் ஒரு ஆடு.

5. உங்கள் கைமீறிப் போனால் எங்கே கூட்டிப்போவது என்று முன்னாலேயே ஏற்பாடு செய்யுங்கள். அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவு இருக்கிறது, 14416 என்ற இலவச எண் இருக்கிறது. இதுவும் எங்கள் உரிமை; பிச்சை இல்லை.

6. வழக்கு உள்ள இடத்தில் வழக்கைத் தொடாமல் உடம்பை மட்டும் தொடாதீர்கள். 2016 ஜனவரி 26 முதல் அமலில் இருக்கிற வன்கொடுமைத் தடுப்புத் திருத்தச் சட்டத்தின் 15அ பிரிவு பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பு, பயணப்படி, மறுவாழ்வு எல்லாம் சொல்கிறது. அதை வாங்கித் தரக் கூட வாருங்கள். அதுவும் தூக்கம் வரவழைக்கிற மருந்துதான்.

ஏழு பேரில் ஒருத்தர் இப்போதும் வீட்டில் அந்தப் பயிற்சியைச் செய்கிறார். பத்து நிமிசம், பிறகு காலை நீட்டிப் படுத்துக்கொள்கிறார், பக்கத்தில் மகளை உட்காரவைத்துக்கொள்கிறார். தூக்கம் வருகிறது என்கிறார். அவருக்கு நல்லதென்றால் நல்லது. மதினி அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. அதுவும் அவர் உரிமை.

பெரியம்மாவுக்கு நான் பதில் சொன்னது இதற்கெல்லாம் அப்புறம்தான். வீட்டுக்கே போய்ச் சொன்னேன். "இல்ல பெரியம்மா. அது விடுதலை இல்ல. நான் தப்பான சொல்லச் சொல்லிட்டேன். என்னைய மன்னிச்சிரு."

வெற்றிலையை இடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"நடுங்குறது நமக்குத் தெரியாததா தாயி? பொறந்ததுல இருந்து அதத்தான செய்யுறோம். இனிமே எவனாச்சும் நடுங்கச் சொல்லி வந்தா, எத்தன நாளு இங்க தங்குவன்னு மொதல்ல கேளு. அப்பறம் எங்களக் கூப்புடு."